ஒற்றர் வைத்த இரண்டு ‘ப்’

அந்த அச்சகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற அம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் மாதத்தில் ஒரு நாள்தான் அதை நினைத்துக்கொள்வாள். மற்ற எல்லோருக்கும் அவர் ஒற்றர். வேவு பார்த்து வாங்கிய பட்டம் இல்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்று ஒரு புள்ளியெழுத்து, அதாவது ஒற்று, வரவேண்டிய இடத்தில் வராமல் போனால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வரக்கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் தண்ணீரும் இறங்காது.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் மெல்லிய தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் படிக்க வேண்டும் என்று அதை அடிக்கச் சொல்பவர்களுக்கும் எண்ணம் கிடையாது. இருந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருப்பார்கள். அந்த அச்சகத்தில் ஓடுவதெல்லாம் அந்தத் தாள்கள்தான். அவற்றில் ஓர் எழுத்துகூட விடாமல் பார்க்கும் ஒரே ஜீவன் ஒற்றர். அதுவும் முதலிலிருந்து கடைசி வரை அல்ல. கடைசியிலிருந்து முதல் வரை.

அது அவருடைய தொழில் ரகசியம். மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசை விளக்கின் அடியில் அவருடைய இடம். புரூஃப் வந்ததும் தாளின் கடைசிச் சொல்லுக்குக் கீழே அடிக்கோலை வைப்பார். அங்கிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி ஏறுவார். சிவப்புப் பேனா காத்திருக்கும். “நேராப் படிச்சா அர்த்தம் வந்து கண்ண மறைச்சிரும். அர்த்தம் வந்துட்டா பிழை ஓடி ஒளிஞ்சுக்கும்” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மேசையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை. அதே இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ மருந்துகளின் குணம், அளவு, பக்கவிளைவு எல்லாம் அவர் கண் வழியாகப் போயிருக்கின்றன. தலைவலிக்கு எந்த மாத்திரை போடலாம் என்று யாராவது கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். புருஷனை அவள் சரியாகத்தான் அளந்து வைத்திருந்தாள்.

“சுவத்துல மாட்டியிருக்கற அட்டைய வாசிக்கச் சொல்லுவேன். எல்லாரும் எழுத்தெழுத்தா வாசிப்பாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க உலகத்தையே அந்த அட்டை மாதிரிதான் வாசிக்கறீங்க” என்பாள். ஒற்றர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கைப்பேசியில் வருகிற மோசடிகளை மோப்பம் பிடித்துவிடுவார். ‘உங்கள் வங்கி கணக்கு முடக்கபட்டது’ என்று ஒரு நாள் அச்சகத்தில் எல்லோருக்கும் செய்தி வந்தது. மெஷின் ஓட்டுகிறவர் பதறிப்போய், அதில் இருந்த இணைப்பைத் தொடப் போனார். ஒற்றர் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். “வங்கிக்கும் கணக்குக்கும் நடுவுல ‘க்’ எங்கய்யா? முடக்கப்பட்டதுல ‘ப்’ எங்க? ஒரு வங்கி இப்படி எழுதுமா? திருட்டுப் பய எழுதினது.” அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒருத்தர் தொட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு ஒற்றருக்குப் பெருமையில் தலை கிறுகிறுத்துவிட்டது. அன்றைக்கே ஒரு விதியும் பிறந்தது: பிழை இருந்தால் திருடன், பிழை இல்லையென்றால் நம்பலாம். அச்சகத்து ஆட்களும் சொந்தக்காரர்களுமாக நாற்பது பேர் இருந்த கைப்பேசிக் குழுவில் அதைப் போட்டார். மெஷின்காரர் அதைப் பெரிய எழுத்தில் அடித்து மெஷின் மேலேயே ஒட்டினார்.

அந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவருடைய தங்கை. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள், தனியாக இருக்கிறாள், நாள் முழுக்க நின்றே வேலை. கைப்பேசியில் எது வந்தாலும் முதலில் அண்ணனுக்கு அனுப்பி, “அண்ணா, இதத் தொடலாமா?” என்று கேட்பாள். அவர் ‘தொடாதே’ அல்லது ‘தொடலாம்’ என்று பதில் போடுவார். அண்ணன் சொல்லாமல் அவள் எதையும் தொட்டதில்லை. பிழை விடாததைப் பாராட்டி அச்சக முதலாளியம்மா கொடுத்த கேடயத்தை ஒற்றர் அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். தங்கையின் அந்த ஒரு கேள்வியைத்தான் நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிந்தார். அது போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவர் யோசித்ததில்லை. போகும் என்று நினைத்தால்தானே யோசிக்க.

இப்படி இருந்த மனிதரை டாக்டர் நடக்கச் சொன்னார். “உக்காந்தே இருக்கீங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறிட்டே போகுது. நடங்க.” ஒற்றர் மூன்று நாள் நடந்தார். வழியில் இருந்த கடைப் பலகைகளில் பன்னிரண்டு பிழை கண்டுபிடித்தார். நான்காம் நாள் மனம் நொந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். “ஞாயித்துக்கிழமை காலையில ஆத்தங்கரை நடைன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அஞ்சு கிலோமீட்டர். நிகழ்ச்சிக்கெல்லாம் பேர் வாங்கற பக்கம் ஒண்ணு இணையத்துல இருக்கு, அதுல பேர் குடுக்கணும். பேர் குடுத்துட்டாத்தான் நீங்க எந்திரிப்பீங்க.”

ஒற்றர் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்தார். மேலே சிரித்தபடி நடக்கிற ஜனங்களின் படம். பெயர், வயது, சட்டை அளவு, கட்டணத்துக்கு வங்கி அட்டை எண் கேட்கிற கட்டங்கள். அவர் நேராக அடிக்குப் போனார். அங்கே, மருந்துத் தாளுக்கு அக்கா மாதிரி பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. கடைசிச் சொல்லில் அடிக்கோலை வைத்தார். ‘புதுப்பிக்கபடும்’. ஐயோ. அதற்கு முந்திய சொல், ‘தானாக’. அதற்குப் பிறகும் ‘ப்’ இல்லை.

விதிப்படி அவர் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடியிருக்க வேண்டும். ஆனால் காயம்பட்டவனைப் பார்த்துவிட்டு எந்த டாக்டர் தாண்டிப் போவார்? உடனே கடிதம் எழுதினார்:

‘அன்புடையீர், தங்கள் பதிவுப் பக்கத்தின் அடியில், முதல் முப்பது நாள்களுக்குப் பின் தோழமைச் சந்தா மாதந்தோறும் தானாக புதுப்பிக்கபடும் என்று ஒரு வரி உள்ளது. அதில் இரண்டு ப் விடுபட்டுள்ளன. தானாகப் புதுப்பிக்கப்படும் என்பதே சரி. திருத்தி உதவுக.’

கவனியுங்கள். அந்த வரியை அவரே தன் விரலால், ஓர் எழுத்து விடாமல் தட்டி எழுதினார். எழுதினாரே ஒழிய, அது என்ன சொல்கிறது என்பது அவர் மண்டையில் ஒரு வினாடிகூடத் தங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘தங்கள் தமிழ்ப் பற்றுக்குத் தலைவணங்குகிறோம். திருத்திவிட்டோம்.’ போய்ப் பார்த்தார். இரண்டு ‘ப்’பும் அதனதன் நாற்காலியில் அழகாக உட்கார்ந்திருந்தன. பிழை என்று சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறவர்களைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். தலைவணங்கினவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

“திருத்தினாங்கன்னா திருந்தினவங்கன்னு அர்த்தம். நம்பிப் பேர் குடுக்கலாம்” என்றார் மனைவியிடம். கொடுத்தார். அந்தச் சாம்பல் வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் ‘சம்மதம்’ என்று டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. நமக்கு வேலை வைக்காமல் அவர்களே எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள், நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நடை நன்றாகவே நடந்தது. ஒரு சட்டை கிடைத்தது. கழுத்தில் ஒரு தகரப் பதக்கம் போட்டார்கள். இரண்டு நாள் கால் வலித்தது. அதோடு அவர் மறந்துவிட்டார். அவர்கள் மறக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, சாப்பாட்டு மேசையில் மனைவி கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, தோழமைன்னு மாசாமாசம் பணம் போகுதே, யாரு அந்தத் தோழமை?” என்று கேட்டாள்.

“எனக்கேது தோழமை?”

“அதான் நானும் கேக்கறேன். அச்சகம் விட்டா வீடு, வீடு விட்டா அச்சகம். யாரு அது?”

கொஞ்ச நேரம் ஒற்றரின் குடும்ப வாழ்க்கை நூலில் தொங்கியது. பிறகு அவள்தான் பதிவுப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். பொடி எழுத்துப் பகுதிக்குப் போனாள். கண்ணாடிக் கடைக்காரி அல்லவா, பெரிதாக்கினாள். முதல் சொல்லிலிருந்து சத்தமாகப் படித்தாள். “முதல் முப்பது நாள்களுக்குப் பின் தோழமைச் சந்தா மாதந்தோறும் தானாகப் புதுப்பிக்கப்படும்.”

அந்த வரியை ஒற்றர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

மறுநாள் அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத் தேடினார். பக்கத்தில் ‘சேருங்கள்’ என்ற பொத்தான் பதினொரு இடத்தில் இருந்தது. விலகுவதற்குக் கதவே இல்லை. ‘என் பயணம்’ என்ற இடத்துக்குள் போய், அதற்குள் ‘என் விருப்பங்கள்’ என்ற இடத்துக்குள் போனால், ‘எங்களை நிஜமாகவே பிரிந்து போகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி, கண்ணீர் விடும் பொம்மையோடு. அடியில் இரண்டு பொத்தான்கள். ‘இல்லை, தொடர்கிறேன்’ என்பது கட்டில் அளவுக்கு இருந்தது. ‘என் பலன்களை இழக்கச் சம்மதிக்கிறேன்’ என்பது கடுகளவு. அந்தக் கடுகைத் தொட்டால், அலுவலக நேரத்தில் அழைக்கவும் என்று ஓர் எண் வந்தது. அழைத்தார். நாற்பது நிமிஷம் இசை கேட்டார். அதற்கும் தனியாகச் சந்தா பிடிப்பார்களோ என்று பயம் வந்த நேரத்தில் ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் சொட்டியது.

அவர் பெயரைச் சொன்னதுமே அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “சார்! அந்த ரெண்டு ‘ப்’ நீங்கதானே? எங்க ஆபீஸ்ல உங்களத் தெரியாதவங்களே கிடையாது சார்!”

“அது இருக்கட்டும்மா. என் பணத்த ஏன் எடுக்கறீங்க?”

“அந்த வரியில இருக்கே சார். நீங்க படிச்சுத் திருத்திக் குடுத்த வரி.”

“நான் படிக்கல. திருத்தினேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

அந்தப் பெண் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் அவர் மூக்கை உடைத்தது.

இரண்டு நாளில் எழுத்து மூலமாகப் பதில் வந்தது. ‘தங்கள் கோரிக்கையை பரிசீலித்தோம். நிபந்தனைகளைத் தாங்கள் ஊன்றிப் படித்திருந்தீர்கள் என்பதற்குத் தங்கள் கடிதமே சான்று. நகல் இணைப்பில் உள்ளது. தங்கள் சேவையைப் பாராட்டித் தங்களை உயர்நிலைத் தோழமைக்கு மாற்றியுள்ளோம்.’ உயர்நிலைக்குச் சந்தாவும் உயரம். மனைவி அதை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒற்றர் வெகுநேரம் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“கோரிக்கையைப் பரிசீலித்தோம். இங்க ஒரு ‘ப்’ விட்டுட்டான்” என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார். மனைவி பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். பிறகு அவளே வங்கிக்குப் போய், பழைய அட்டையை முடக்கி, புது அட்டை வாங்கி வந்தாள். தோழமை அப்படித்தான் அறுந்தது.

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லிருங்க. எல்லாத்தையும் உங்கள நம்பித்தான் தொடறா” என்றாள்.

“சொல்லலாம், சொல்லலாம்.”

“எப்போ?”

“சொல்லலாம்னு சொன்னேன்ல.”

அவர் சொல்லவில்லை. தங்கை முகத்தை நினைத்தாலே வெட்கம் பிடுங்கியது. உலகத்துக்கே வகுப்பெடுத்தவர், தானே திருத்திக் கொடுத்த வரியில் ஏமாந்த சோணகிரி ஆகிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு ‘தொடலாமா’ என்று யாரைக் கேட்பாள்? அச்சகத்திலும் வாயைத் திறக்கவில்லை. மெஷின் மேல் ஒட்டியிருந்த விதியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மூன்று மாதம் அப்படியே ஓடியது. தங்கையிடமிருந்து ‘தொடலாமா’க்கள் குறைந்திருந்தன. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருந்தாள்; துணியின் வெந்த வாசனை கூடவே வந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“வீட்டுக்காரர் வந்து கதவத் தட்டிட்டுப் போனார்ணா. வாடகை போகலையாம். கணக்குல போதுமான பணம் இல்லன்னு வங்கியில திருப்பிட்டாங்களாம். எனக்குத் தெரிஞ்சு பணம் இருந்துது. பக்கத்து வீட்டுல எல்லாரும் பாத்துட்டே நின்னாங்க.” குரல் உடைந்தது. கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். “இந்தத் தோழமைன்னா யாருண்ணா?”

மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒற்றர் கைப்பேசியை வாங்கவே இல்லை.

“எதுக்காவது பேர் குடுத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

“கேக் அலங்காரம் சொல்லித் தர்ற வகுப்பு. ஒரே ஒரு நாள். நின்னு நின்னு முட்டி போச்சு, வேற ஏதாவது கத்துக்கலாம்னு பாத்தேன். நிகழ்ச்சிக்கெல்லாம் பேர் குடுக்கற பக்கம் ஒண்ணு இருக்கே, அதுல குடுத்தேன். உன்னத்தான் கேக்கலாம்னு நினைச்சேன். அப்புறம், எத்தனை காலத்துக்கு அண்ணனுக்குத் தொல்லை குடுக்கறது, நாமே பாத்துக்கலாம்னு...” அவள் முகத்தில் அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பாத்தேன்ணா. கடைசி வார்த்தையில ஆரம்பிச்சு மேல போனேன். ஒரு பிழை கிடையாது. அடியில பொடி எழுத்துல ஒரு வரி. அதுலகூட ரெண்டு ‘ப்’, ரெண்டும் கரெக்டா இருந்துது. அதப் பாத்துதான் நம்பினேன்.”

அந்த நேரத்திலும் ஒற்றருக்குத் தப்பிக்க ஒரு சந்து இருந்தது. ‘திருட்டுப் பசங்க இப்பல்லாம் நல்லா எழுதக் கத்துக்கிட்டாங்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் நம்பியிருப்பாள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ரெண்டு ‘ப்’ப வெச்சது நான்தான்” என்றார்.

முதலிலிருந்து சொன்னார். டாக்டர், ஆற்றங்கரை, கடிதம், தொலைபேசிப் பெண், உயர்நிலைத் தோழமை. தங்கை நின்றபடியே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இதெல்லாம் உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“மூணு மாசமாச்சு.”

“நான் பேர் குடுத்து ரெண்டு மாசம்தான் ஆகுது.” விரல்விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணியது தெரிந்தது. “ஏமாந்ததுக்கு உன்மேல கோவமில்லண்ணா. யாருதான் ஏமாறல. ஒரு வார்த்தை சொல்லாம இருந்தியே.”

ஒற்றருக்குக் கண் கலங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் தன் கையைத் தாண்டிப் போன முதல் பிழை எதிரே நின்று அழுகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பேசியை எடுத்தார். இனி ஓர் ஆள்கூட மாட்டக்கூடாது என்ற ஆவேசத்தில், அந்த நாற்பது பேர் குழுவுக்குத் தட்டினார். கண்ணில் நீர் நின்றதால் எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுதியதைத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பினார்:

‘எல்லாரும் படியுங்கள். நான் ஏமாந்துவிட்டேன். பிழை இல்லாத பக்கத்தை நம்பலாம் என்று நான் சொன்னது தவறு. நிகழ்ச்சிக்கு பெயர் கொடுக்கும்போது அடியில் இருக்கும் வரியை நேராக படியுங்கள். பணம் தானாக எடுக்கபடும்.’

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மெஷின்காரரிடமிருந்து பதில் வந்தது.

‘யாரும் நம்பாதீங்க! ஒற்றர் போனத் திருடிட்டான்! நிகழ்ச்சிக்குப் பக்கத்துல ப் இல்ல, நேராகவுக்குப் பக்கத்துல ப் இல்ல, எடுக்கபடும்ல ப் இல்ல. ஒற்றர் செத்தாலும் இப்படி எழுத மாட்டார்!’

முதலாளியம்மா கைதட்டும் படம் ஒன்றைப் போட்டார். யாரோ, ‘ஒற்றர் விதி வாழ்க’ என்று போட்டார். ஒற்றர் ‘ஐயா நான்தான்’ என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே திரையில் வேறொரு வரி வந்து நின்றது. ‘நீங்கள் இக்குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.’ அதில் ‘ப்’ சரியாக இருந்தது.

அவர் கைப்பேசியைத் தங்கையிடம் நீட்டினார். அவள் படித்தாள். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மனைவியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் விழுந்து சிரித்தார்கள். ஒற்றர் மட்டும் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியாமல் நின்றார்.

“வா, உன் அட்டையையும் மாத்திரலாம். வங்கி இன்னும் மூடியிருக்காது” என்று மனைவி செருப்பை மாட்டினாள். “வாடகைய இப்போதைக்கு நாங்க அனுப்பறோம். அதுக்கு உங்க அண்ணன் ஒண்ணும் திருத்தம் சொல்ல மாட்டார்.”

தங்கை வாசலில் நின்று திரும்பினாள். “திங்கக்கிழமை அச்சகத்துல நேர்ல போய்ச் சொல்லுண்ணா. வாயால சொல்லு. எழுதாத.”

திங்கட்கிழமை காலையில் ஒற்றர் மாடிப்படிக்குக் கீழே போகவில்லை. நேராக மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். எட்டாக மடிக்கப்போகிற மருந்துத் தாள்கள் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தன. மேலே அவருடைய விதி ஒட்டியிருந்தது. “ஒற்றரே, போன் கிடைச்சுதா? திருடனப் பிடிச்சாங்களா?” என்று கத்திக் கேட்டார் மெஷின்காரர்.

“மெஷின நிறுத்துய்யா. ஒண்ணு சொல்லணும்” என்றார்.

மெஷின் நின்றது. நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒற்றர் அந்த விதித் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தார்.